பள்ளி நூலகர் சங்கத்திற்குப் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பது எப்படி: மாவட்டச் சங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் வந்தால், அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு எடுப்பவரிடம் கேட்டுக்கொள்வார். நூலகருக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் நூலகர் ஒருவர்தான். பல பள்ளிகளில் அந்த ஒருவரும் கிடையாது, தமிழாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ ‘நூலகப் பொறுப்பு’ என்ற பெயரில் சாவியை வைத்திருப்பார். ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பில் நாற்பது புத்தகங்கள் குறைந்தால் பதிவேட்டில் என்ன எழுதுவது, மாணவன் தொலைத்த நூல் இப்போது அச்சில் இல்லை என்றால் எவ்வளவு பணம் வாங்குவது, தாளாளர் திடீரென்று “எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுங்கள்” என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்க அவருக்குப் பள்ளி வளாகத்துக்குள் ஆளே இல்லை.

பள்ளி நூலகர்களுக்கான ஒரு தொழில்முறைச் சங்கம் கொடுக்கக்கூடியது இந்தக் கேள்விகளுக்கான விடைதான் என்பது, மாவட்டச் சங்கம் ஒன்றில் சில ஆண்டுகள் உறுப்பினர் சேர்க்கைப் பொறுப்பைச் சுமந்தவன் என்ற முறையில் நான் வந்து சேர்ந்த முடிவு. தொடக்கத்தில் நாங்களும் ‘ஒன்றுபடுவோம், உரிமை பெறுவோம்’ என்று வண்ணத் துண்டறிக்கை அடித்துப் பள்ளிகளுக்கு அஞ்சலில் அனுப்பினோம். அவற்றில் பல நூலகரின் மேசைக்குப் போய்ச் சேரவே இல்லை. முதல்வர் அறையிலேயே நின்றுவிட்டன. சேர்ந்தவர்கள் எல்லாரும் வேறு வழியில் வந்தார்கள். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளராக இருந்த, இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன், மறு ஆண்டே, அதாவது 1929இல், சங்கத்தின் பெயரில் நூலகப் பயிற்சிக்கான கோடைகாலப் பள்ளியை நடத்தினார். பின்னர் அந்தப் பயிற்சியைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. நூலகப் பயிற்சிக்கு வேறு வழி அரிதாக இருந்த காலத்தில், வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குச் சங்கமே பள்ளிக்கூடமாக இருந்தது. முதலில் பயன், அதன் பின்புதான் சந்தா என்ற வரிசையை அவர்கள் அன்றே பிடித்துவிட்டார்கள்.

முதற்படி: யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தல்

மாவட்டத்தில் எத்தனை பள்ளி நூலகர்கள் இருக்கிறார்கள் என்று எந்த அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்வது எளிதல்ல. பள்ளிகளின் பட்டியல் கிடைக்கும். பள்ளிகளின் விவரங்களைத் தொகுக்கும் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் ஒன்றியம் வாரியாக, நிர்வாக வகை வாரியாக எல்லாப் பள்ளிகளின் பெயரையும் எடுத்துவிடலாம். ஆட்களின் பட்டியலை நாம்தான் தயாரிக்க வேண்டும்.

அதற்கு மிகச் சிறந்த வழி, யாரும் எளிதில் நினைத்துப் பார்க்காத ஒன்று: புத்தகங்களையும் பருவ இதழ்களையும் பள்ளிகளுக்கு விநியோகிக்கும் முகவர்கள். எந்தப் பள்ளியில் நூலகர் இருக்கிறார், எந்தப் பள்ளியில் அலுவலக எழுத்தரே புத்தகம் வாங்குகிறார், யார் போன மாதம் வேலையை விட்டுப் போனார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களிடம் தொலைபேசி எண்களைக் கேட்காதீர்கள். கேட்டால் தயங்குவார்கள், தயங்குவதும் நியாயம். “அந்தப் பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர் யார், எந்த நாளில் போனால் பார்க்கலாம்” என்று மட்டும் கேளுங்கள். அடுத்த வழி, பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் நூலக அறிவியல் துறைகள். அண்ணாமலை, மதுரை காமராசர், அழகப்பா, பாரதிதாசன் என்று எந்தத் துறையில் படித்தவராக இருந்தாலும் அவருக்குத் தன் வகுப்புத் தோழர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். ஒருவரைப் பிடித்தால் நால்வர் கிடைப்பார்கள்.

கிடைத்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: பள்ளி, பெயர், படிப்பு, நூலகப் பணி மட்டுமா அல்லது வேறு பணியும் உண்டா, கடைசியாக எப்போது பேசினோம், என்ன சிக்கல் சொன்னார். கடைசிக் கட்டம்தான் மிக முக்கியமானது. அதை ஏன் சொல்கிறேன் என்பது மூன்றாம் படியில் புரியும்.

இரண்டாம் படி: யார் உறுப்பினர் என்று முடிவு செய்தல்

நூலக அறிவியலில் பட்டம் பெற்றவர்கள் மட்டும்தான் உறுப்பினராகலாம் என்று துணைவிதியில் எழுதிவைத்துவிட்டு, பிறகு ஆள் சேரவில்லை என்று வருந்தும் சங்கங்கள் உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இணைப்பு விதிகளின் கட்டாயத்தால் பெரும்பாலும் நூலகர் இருப்பார். மற்ற பள்ளிகளில் நிலைமை வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ்களும் பருவ இதழ்களும் கதைப்புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்கான நூல்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நூலகர் இருக்க வேண்டும் என்று அந்த அட்டவணையில் ஒரு வரி இல்லை. அரசுப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. அந்தப் பணத்தில் வரும் புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றுபவர் பெரும்பாலும் ஒரு பொறுப்பாசிரியர்தான். நூலகப் பணியைப் பற்றிய உதவி அவரைவிட அதிகமாக யாருக்குத் தேவை?

ஆகவே உறுப்பினர் வகைகளை மூன்றாக வையுங்கள் என்பது என் பரிந்துரை. பட்டமோ பட்டயமோ பெற்றுப் பள்ளியில் நூலகராக இருப்பவர்கள் முழு உறுப்பினர்கள். நூலகப் பொறுப்பாசிரியர்கள் இணை உறுப்பினர்கள். நூலக அறிவியல் மாணவர்கள் மாணவ உறுப்பினர்கள். பொறுப்பாசிரியர்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்பதில் எங்கள் பொதுக்குழுவில் பெரிய விவாதம் நடந்தது. “அவர்களைச் சேர்த்தால், படித்தவர் தேவையில்லை என்று நிர்வாகங்கள் சொல்லிவிடும்” என்பது எதிர்த்தவர்களின் அச்சம். அந்த அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனாலும், நூலகப் பணி எவ்வளவு நுணுக்கமானது என்று அனுபவித்து உணர்ந்த ஆசிரியரே ‘இதற்கு ஓர் ஆள் வேண்டும்’ என்று தன் தலைமையாசிரியரிடம் வாதாடுகிறார் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: முதலில் ஒரு சிக்கலைத் தீர்த்தல்

இந்தப் படியில்தான் உறுப்பினர் சேர்க்கையின் உயிர் இருக்கிறது. மற்ற படிகளை அரைகுறையாகச் செய்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். இதை விட்டால் முடியாது.

நோட்டில் எழுதிய சிக்கல்களை ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே புகார்: “தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல் கணினியில் இருக்கிறது, ஆனால் திறந்தால் படிக்க முடியவில்லை.” முன்பு பணியாற்றிய யாரோ பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எக்செல் கோப்பாகத் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலைப்புகள் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். மூவாயிரம் புத்தகங்களை மறுபடி தட்டச்சு செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தில் நூலகர் அந்தக் கோப்பைப் பற்றி யாரிடமும் மூச்சு விடுவதில்லை.

அதையே எங்கள் முதல் சனிக்கிழமைப் பயிற்சியின் பொருளாக வைத்துக்கொண்டோம். “உங்கள் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வாருங்கள், மாலையில் படிக்கக்கூடியதாகத் திரும்பக் கொண்டு போவீர்கள்” என்பது மட்டும்தான் அழைப்பு. உறுப்பினர் படிவம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தலைப்பு நிரலை மட்டும் தனியே நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் இட்டு, எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடாக மாற்றுவது, கிரந்த எழுத்துகளிலும் ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்துகளிலும் வரும் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவது, பிறகு மார்க்எடிட் மென்பொருளின் வழியாக, நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவமான மார்க் வடிவத்துக்குக் கொண்டுபோய்க் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் ஏற்றுவது என்று நிதானமாகச் செய்து காட்டினோம். கோஹா கட்டணமில்லாத மென்பொருள் என்பதே அன்று வந்தவர்களில் சிலருக்குச் செய்தியாக இருந்தது. ஆசிரியர் பெயரில் முன்னெழுத்தை முன்னால் வைத்துப் பதிந்தால் அகரவரிசையில் பாதிப் பேர் ஒரே எழுத்தின் கீழ் வந்து குவிவார்கள் என்பதை ஒருவர் தன் பட்டியலை வைத்தே காட்டினார். அதற்கு எழுந்த சிரிப்பில்தான் அறையில் இருந்த இறுக்கம் போனது.

மாலை நான்கு மணிக்கு, மெட்ரிக் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு மேடம் தன் திரையில் வரிசையாகத் தமிழ்த் தலைப்புகள் தெரிவதைக் கண்டு, கைப்பேசியில் அதைப் படம் எடுத்துத் தன் முதல்வருக்கு உடனே அனுப்பினார். பிறகு திரும்பி, “சார், இந்தச் சங்கத்துல சேர என்ன பண்ணணும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வரும்வரை படிவத்தை வெளியே எடுக்காதீர்கள்.

உங்கள் மாவட்டத்தில் சிக்கல் வேறாக இருக்கலாம். இருப்புச் சரிபார்ப்பாக இருக்கலாம், கிழிந்த, பயன்படாத நூல்களைக் கழித்து நீக்க நிர்வாகத்தின் ஒப்புதல் பெறும் முறையாக இருக்கலாம், தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு நூலகப் பாடவேளையில் என்ன செய்வது என்பதாக இருக்கலாம். எதுவானாலும் ஒரே நாளில் முடிகிற, கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். ‘எண்ணிம யுகத்தில் நூலகரின் பங்கு’ போன்ற தலைப்பில் கருத்தரங்கு வைத்தால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த முறை வர மாட்டார்கள்.

நான்காம் படி: நிர்வாகத்தின் தயக்கத்தைப் போக்குதல்

தனியார் பள்ளி நிர்வாகங்களுக்குச் ‘சங்கம்’ என்ற சொல்லே நெருடும். சம்பளக் கோரிக்கையும் கொடியும் அவர்கள் கண்முன் வந்து நிற்கும். தொழிற்சங்கம் தொழிலாளர் சட்டத்தின் கீழ் பதிவாவது. தமிழ்நாட்டில் நம்மைப் போன்ற அமைப்புகள் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ், மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகின்றன. பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். நோக்கங்கள் எழுதப்பட்ட சங்க அமைப்பு விதிகளின் நகல் ஒன்றைக் கேட்கும் நிர்வாகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மறைக்க அதில் ஒன்றும் இல்லை. (தொழிற்சங்கம் கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்றைச் சொல்லி ஆளைச் சேர்த்து மற்றொன்றைச் செய்யக் கூடாது.)

முதல்வருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. “தங்கள் பள்ளி நூலகர் வரும் சனிக்கிழமை நடைபெறும் நூலகக் கணினிமயப் பயிற்சியில் கலந்துகொள்ள அனுமதி வேண்டுகிறோம். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. பயிற்சியின் முடிவில் தங்கள் பள்ளி நூல்களின் பட்டியல் யூனிகோடு வடிவில் தயாராக இருக்கும்” என்ற மூன்று வாக்கியங்கள் போதும். மூன்றாவது வாக்கியம்தான் கையெழுத்து வாங்கித் தரும். பயிற்சி முடிந்த வாரத்தில் நன்றிக் கடிதம் ஒன்றும் அனுப்புங்கள். அதில் நூலகர் அன்று என்ன செய்து முடித்தார் என்று பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். தன் நூலகரைப் பாராட்டி வெளியிலிருந்து வரும் கடிதம் பல முதல்வர்களுக்கு அதுவே முதல் முறையாக இருக்கும்.

ஐந்தாம் படி: பேசுவது

வாட்ஸ்ஆப்பில் அறிவிப்புப் படத்தை அனுப்பிவிட்டு அழைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தொலைபேசியில் பேசுங்கள், அல்லது நேரில் போங்கள். காலை முதல் பாடவேளையிலும் மதிய உணவு இடைவேளையிலும் அழைக்காதீர்கள். இடைவேளையில்தான் பிள்ளைகள் நூல் மாற்ற வரிசையில் நிற்பார்கள். பள்ளி விட்ட பிறகு, பேருந்துக்குப் போகும் நேரத்துக்கு முன்பாக உள்ள இருபது நிமிடம் நல்ல நேரம்.

பேச்சை அவர்கள் நூலகத்திலிருந்து தொடங்குங்கள். “மேடம், இந்த வருஷம் புதுப் புத்தகம் வாங்கியாச்சா?” என்று கேட்டால் பதில் நீளும். புத்தகம் வாங்க நிதி இல்லை, நூலகப் பாடவேளையைக் கணக்கு வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள், ஆசிரியர் விடுப்பு எடுத்தால் மாற்று வகுப்புக்கு முதலில் நூலகரைத்தான் அனுப்புகிறார்கள், சேர்க்கை மாதத்தில் கட்டணச் சீட்டு எழுதவும் உட்கார வைக்கிறார்கள் என்று எல்லாம் வரும். குறுக்கிடாமல் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் சங்கத்திடம் தீர்வு இருக்கிறது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாற்று வகுப்புப் பிரச்சினையை எந்தச் சங்கமும் ஒரே ஆண்டில் தீர்த்துவிடாது. ஆனால் நூலகப் பாடவேளைக்கு ஒரு பாடத்திட்டம் எழுதி முதல்வரிடம் கொடுத்த பிறகு அந்தப் பாடவேளையை யாரும் தொடாத பள்ளிகளும் உண்டு என்று சொல்லலாம், அந்தப் பாடத்திட்டத்தின் நகலையும் அனுப்பலாம்.

பெண்களே அதிகமாக இருக்கும் பணி இது. கூட்டம் நடக்கும் இடம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா, நாலரை மணிக்குள் முடியுமா, குழந்தையை அழைத்து வரலாமா என்ற மூன்று செய்தியும் அழைப்பிலேயே இருக்க வேண்டும். பள்ளி நூலகம் ஒன்றிலேயே கூட்டம் வைத்தால் குழந்தைகளுக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை, பட நூல் அடுக்கு இருக்கவே இருக்கிறது.

ஆறாம் படி: சந்தாவும் நாட்காட்டியும்

சந்தாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுச் சந்தா, கெட்டி அட்டை போட்ட ஒரு தமிழ் நூலின் விலைக்குள் இருக்கட்டும். மாணவர்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. தனியார் பள்ளி நூலகர்களில் பலரின் சம்பளம் அதற்கு மேல் தாங்காது. ஆயுள் சந்தாவை ஆரம்பத்தில் வைக்காதீர்கள். முதல் ஆண்டில் கையில் பணம் சேரும். மூன்றாம் ஆண்டில் உறுப்பினர்கள் இருப்பார்கள், வரவு இருக்காது. வைத்தே தீர வேண்டும் என்றால் அந்தத் தொகையை வைப்புநிதியில் போட்டு வட்டியை மட்டும் செலவழியுங்கள். ரசீது எண் இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்கினாலும், சேர்க்கை ஆண்டைப் பள்ளி திறக்கும் ஜூனில் தொடங்குங்கள். ஜூன், ஜூலையில் சிக்கல்களைக் கேட்டறிந்து, ரங்கநாதன் பிறந்த நாளும் தேசிய நூலகர் நாளுமான ஆகஸ்ட் 12ஐ ஒட்டிய சனிக்கிழமையில் முதல் பயிற்சியை வையுங்கள். அக்டோபர் பன்னாட்டுப் பள்ளி நூலக மாதம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இவ்விரண்டிலும் சங்கம் தனியாக விழா எடுக்காமல், உறுப்பினர்கள் தத்தம் பள்ளிகளில் நடத்துவதற்கான ஆயத்தப் பொருள்களை முன்கூட்டியே கொடுப்பது நல்லது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கிறது, மற்ற மாவட்டங்களுக்கும் அவரவர் புத்தகத் திருவிழா உண்டு. வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் என்ன கிடைக்கும் என்று நாலைந்து பள்ளிகள் சேர்ந்து போய்க் கேட்டால் பதிப்பாளர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். மார்ச், ஏப்ரலில் விழா எதுவும் வேண்டாம். அது இருப்புச் சரிபார்ப்புக் காலம். இரண்டு பேர் போய் ஒரு பள்ளியின் அடுக்குகளை எண்ணிக் கொடுத்தால், அந்த நூலகர் ஆயுளுக்கும் உங்கள் ஆள்.

ஏழாம் படி: வந்தவரைத் தக்கவைத்தல்

சேர்ந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டு விலகுவதில்லை. சத்தமில்லாமல் வராமல் போவார்கள். முதல் மூன்று மாதங்கள்தான் ஆபத்தான காலம். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அதே பேருந்து வழித்தடத்தில் உள்ள பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு மூத்த உறுப்பினரைத் துணையாக வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓர் அழைப்பு, அவ்வளவுதான் அவர் பொறுப்பு. ஒரு சிறு வேலையையும் உடனே கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் தாம் வாங்கிய மூன்று சிறுவர் நூல்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லலாம். பேசியவர் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்.

வாட்ஸ்ஆப் குழுவுக்கு ஒரே விதி: நூலகம் தொடர்பான கேள்வி, அதற்கான பதில். காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, அரசியல் எதுவும் கூடாது. ‘யாரும் கேட்பதில்லையே’ என்று நிர்வாகிகள் கவலைப்படுவதுண்டு. நூறு வாழ்த்துப் படங்களுக்கு நடுவில் சிக்கிய ஒரு கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? உறுப்பினர்களின் எண்களைப் புத்தக நிறுவனங்களுக்கோ மென்பொருள் விற்பவர்களுக்கோ கொடுக்கவே கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது என்பது ஒரு புறம் இருக்க, ஒருமுறை பட்டியல் வெளியே போனால், முதற்படியில் சேர்த்த நோட்டு மொத்தமும் வீண்.

சந்தா புதுப்பிக்காதவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்புவதற்கு முன்னால், நோட்டைத் திறந்து அவர் சேரும்போது சொன்ன சிக்கல் என்ன என்று பாருங்கள். அது தீர்ந்ததா என்று தொலைபேசியில் கேளுங்கள். சந்தாவைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். எங்களில் ஒருவர் அப்படி அழைத்தபோது, அந்தப் பக்கம் இருந்தவர், “அந்த வேலையை விட்டுட்டேன் சார், என் இடத்துக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, அதுக்குப் பதிவேடு எழுதவே தெரியல, நம்பர் தரட்டுமா?” என்றார். “அந்தப் பொண்ணுகிட்டயே முதல்ல கேட்டுட்டுத் தாங்க” என்று சொல்லிவிட்டு, நோட்டில் அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டோம்.